பத்து வருட வாரண்டி எதற்கு?

ஏசி வாங்கப் போனால் விலைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ‘10 வருட வாரண்டி’ என்ற ஸ்டிக்கர்தான். முகப்பில் பளிச்சென்று ஒட்டியிருப்பார்கள். அந்தப் பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அதைத் தேடிக் கீழே போனால் பொடி எழுத்தில் ‘கம்ப்ரசருக்கு மட்டும், நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று இருக்கும். வாங்குகிறவர் மனதில் பத்து வருடம்தான் நிற்கும். மூன்றாம் வருடம் மே மாத வெயிலில் ஏசி நின்றுபோய், வந்து பார்த்த டெக்னீஷியன் ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட் எழுதும்போது சண்டை தொடங்குகிறது. “வாரண்டி இருக்கேப்பா?” என்பார் வீட்டுக்காரர். “அது கம்ப்ரசருக்கு சார், போயிருக்கறது போர்டு” என்பார் அவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இப்படிப்பட்ட சண்டைகளில் கோபம் பெரும்பாலும் தவறான ஆள்மேல் பாய்கிறது. வாக்குறுதி கொடுத்தது ஒருவர், விற்றது இன்னொருவர், பழுது பார்க்க வந்தது மூன்றாமவர், போனில் மன்னிப்புக் கேட்பது நான்காமவர். நாலு பேரையும் ஒரே கம்பெனி என்று நினைத்துக்கொண்டு, கையில் அகப்பட்டவரைத் திட்டிவிட்டு வருகிறோம். யார் எதற்குப் பொறுப்பு என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், எங்கே கத்தக் கூடாது, எங்கே எழுத வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் அந்தப் பத்து வருடம். கம்ப்ரசர் என்பது மோட்டாரும் பம்பும் எண்ணெயும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்து மூடிய பாகம். உள்ளே தூசி போகாது, ஈரம் போகாது. கேஸ் குறையாமல், மின்சாரம் ஒழுங்காக வந்தால் அது பல வருடம் ஓடும். சீக்கிரம் கெட்டுப்போகாத பாகத்துக்கு நீண்ட வாரண்டி கொடுப்பதில் கம்பெனிக்குப் பெரிய செலவு இல்லை. இன்வெர்ட்டர் ஏசியில் அடிக்கடி காலை வாருவது அவுட்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் மின்னணு போர்டு. கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதே அதுதான். மொட்டை மாடி வெயிலிலும் மழைச் சாரலிலும் வருடம் முழுக்க நிற்பதும் அதுதான். சில கம்பெனிகள் போர்டுக்கு ஐந்து வருடம் கொடுக்கின்றன, சில ஒரே வருடம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை வருட வாரண்டி?’ அல்ல, ‘போர்டுக்கு எத்தனை வருடம்?’ என்பதுதான்.

சரி, கம்ப்ரசரே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பல கம்பெனிகள் தருவது அந்தப் பாகத்தை மட்டும்தான். பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்கும் கூலி, புதிதாக கேஸ் நிரப்பும் செலவு, வண்டிக் கூலி, வந்து பார்த்ததற்கான விசிட்டிங் சார்ஜ் எல்லாம் நம் தலையில். ‘இலவச’ கம்ப்ரசருக்குச் சில ஆயிரம் பில் வருவது இப்படித்தான். இது வாரண்டி அட்டையில் எழுதியே இருக்கும். படிக்காதது நம் குற்றம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த அட்டை பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி பணம் கட்டிய பிறகு வீட்டில் பிரிக்கப்படுகிறது. வாங்கும் முன் எவரால் படிக்க முடியும்?

அட்டையில் ‘பொருந்தாதவை’ என்றொரு பகுதி உண்டு. பூச்சி, எலி, பல்லி முதலியவற்றால் ஏற்படும் சேதம் அதில் ஒன்று. படிக்கும்போது வேடிக்கையாக இருக்கும். நம் ஊரில் இது வேடிக்கையே இல்லை. இரவில் போர்டு இருக்கும் பெட்டி கதகதப்பாக இருக்கும், விளக்கைத் தேடும் பூச்சிகளும் பக்கத்திலேயே கிடைக்கும். வயர் நுழையும் ஓட்டை வழியாகப் பல்லி உள்ளே போய், மின்சாரம் ஓடும் இரண்டு இடங்களை உடம்பால் இணைத்துவிடும். பல்லியும் கருகும், போர்டும் கருகும். டெக்னீஷியன் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கி, காய்ந்து ஒட்டியிருக்கும் அதை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டுக் காட்டுவார். அடுத்ததாக போனை எடுத்து ஒரு படம் எடுப்பார். அந்தப் படம் கம்பெனிக்குப் போகும். அதோடு உங்கள் போர்டின் வாரண்டி முடிந்தது. பொருத்தும் நாளிலேயே அந்த ஓட்டைகளை அடைத்துத் தரச் சொல்வது ஐந்து நிமிட வேலை. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வாசகம். அதன் முழு வடிவம், மின்னழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும்வரை தேவையில்லை என்பது. 145 முதல் 285 வோல்ட் என்பதுபோல அட்டையில் ஓர் அளவு இருக்கும். அந்த எல்லை தாண்டிப் போர்டு கருகினால் அது ‘மின்னழுத்த ஏற்ற இறக்கம்’ என்ற விலக்கில் போய் விழும். கோடை இரவுகளில் தெருவே ஏசி போடும்போது மின்னழுத்தம் எப்படி ஆடுகிறது என்பது கடைக்கோடி டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் விளம்பரத்தை நம்பி ஸ்டெபிலைசரைத் தவிர்க்காமல் இருப்பது நல்லது.

கேஸ் கசிவிலும் ஒரு சிக்கல் உண்டு. உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இணைக்கும் தாமிரக் குழாயின் முனைகளை நட்டு போட்டு முறுக்கியிருப்பார்கள். கசிவு பல நேரம் அங்கேதான். முறுக்கியவர் கம்பெனி ஆள் என்றால் அவர்கள் பொறுப்பு. இருநூறு முந்நூறு மிச்சம் என்று தெருமுனை மெக்கானிக்கை வைத்துப் பொருத்தியிருந்தால், வாரண்டிக் காலத்துக்குள்ளேயே ‘இன்ஸ்டலேஷன் கோளாறு’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த மெக்கானிக் வேலையில் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் நம்மிடம் இருக்காது.

இனி மனிதர்களிடம் வருவோம். பெரிய ஷோரூம் ஒன்றுக்குள் நுழைந்தால் ‘வாங்க சார், வாங்க மேடம்’ என்று நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். சட்டையைக் கவனியுங்கள். சட்டையில் ஏசி கம்பெனியின் பெயர் இருந்தால் அவர் கடையின் ஊழியர் அல்ல; அந்தக் கம்பெனி தன் பொருளைத் தள்ளிவிட நிறுத்திவைத்திருக்கும் புரமோட்டர். சம்பளமும் இலக்கும் ஊக்கத்தொகையும் அவருக்கு அங்கிருந்து வருகின்றன. எதிர் வரிசையில் இருக்கும் ஏசி நமக்குப் பொருத்தமாக இருந்தாலும் அவர் அதைச் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் பிழைப்பு போகும். மூலையில் மேசை போட்டு ஆதார், பான் கேட்கிறவர் கடன் நிறுவனத்தின் ஆள். பில் போடுகிறவர்தான் கடையின் ஆள். ஒரே கூரைக்குக் கீழே மூன்று முதலாளிகளின் வேலையாட்கள். ‘உங்க ஆளுதானே சொன்னாரு, அஞ்சு வருஷம் ஃபுல் வாரண்டின்னு’ என்று ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், அப்படி ஒருவர் இங்கே வேலை பார்க்கவில்லை என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. புரமோட்டர் வாயால் சொன்னதைப் பில்லின் மேல் ஒரு வரியாக எழுதி முத்திரை போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். எழுதித் தந்தால் அது கடையின் சொல்லாகிவிடும். தயங்கினால் உண்மை அப்போதே தெரிந்துவிடும்.

கடன் மேசையைப் பற்றியும் ஒரு பேச்சு. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்பதில் வட்டி இல்லாமல் இல்லை. கிரெடிட் கார்டில் வாங்கும்போது வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடையோ கம்பெனியோ முன்கூட்டித் தள்ளுபடியாகக் கழித்துக் கணக்கை நேர் செய்கிறது. ஆனால் வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதை எவரும் கழிப்பதில்லை. வட்டி 2,400 ரூபாய் என்றால் வரி 432 ரூபாய். அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம் வேறு. பூஜ்ய வட்டி என்ற பெயரில் உண்மையான செலவை மறைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வேறு பெயரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. முழுப் பணமும் கட்டி வாங்கினால் என்ன விலை என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அந்த விலை குறைந்தால், குறைந்த தொகைதான் நாம் தரும் வட்டி.

சர்வீஸ் பக்கம் இன்னும் சிக்கலானது. ‘ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்’ என்ற பலகை தொங்கும் இடம் பெரும்பாலும் கம்பெனியின் கிளை அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவர் ஒப்பந்தம் போட்டு நடத்துவது. முடித்துக் கொடுத்த புகார் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கம்பெனி அவருக்குத் தருகிறது. எத்தனை நாளில் முடித்தார் என்றும் கணக்கு வைத்திருக்கிறது. அவரிடம் வேலை பார்க்கும் டெக்னீஷியனின் வருமானமும் இந்தக் கணக்கோடு பின்னியது. நாம் கதவைத் திறந்து உள்ளே விடும் இளைஞன் கம்பெனியிலிருந்து இரண்டு படி தள்ளி நிற்பவன். புதுப் பொருள் மாற்றித் தரும் அதிகாரம் அவனிடம் மட்டுமல்ல, அவன் முதலாளியிடமும் இல்லை.

இங்கேதான் ‘கோடு’ (code) விவகாரம் வருகிறது. புகார் பதிவானதும் நம் போனுக்கு ஓர் எண் வரும். வேலை முடிந்து திருப்தி என்றால் மட்டும் அதை டெக்னீஷியனிடம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நடப்பது வேறு.

“அக்கா, அந்தக் கோடு மட்டும் சொல்லிடுங்க.”

“வேலை முடியலையே தம்பி, பார்ட் வரணும்னு சொன்னியே?”

“ரெண்டு நாள்ல வந்துரும்க்கா. இதை குளோஸ் பண்ணிட்டுப் புதுசா ஒண்ணு நானே போட்டுடறேன். ஓப்பன்ல இருந்தா எங்க முதலாளி திட்டுவாரு.”

பையனின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவன் சொல்வதும் உண்மையே. ஆனால் கோடு போன நிமிடத்தில் கம்பெனியின் கணினியில் ‘குறை தீர்க்கப்பட்டது’ என்று ஏறிவிடுகிறது. பார்ட் வராமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை இப்படி நடந்தால், கம்பெனியின் பதிவேட்டில் நாம் மூன்று முறை திருப்தியடைந்த வாடிக்கையாளர். பிறகு எங்கே போய் முறையிட்டாலும் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எனவே ஏசி ஓடும்வரை கோடு கிடையாது. அதைக் கனிவாகவே சொல்லலாம். மோர் கொடுத்துவிட்டும் சொல்லலாம்.

கோடுக்குப் பதிலாக ஒன்றை நாம் கேட்டு வாங்க வேண்டும். அதுதான் ஜாப் ஷீட். எந்தத் தேதியில் வந்தார், என்ன கோளாறு கண்டார், எந்தப் பார்ட் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு. இப்போது பல இடங்களில் காகிதம் போய், போனுக்கு வரும் குறுஞ்செய்தியாகிவிட்டது. அதையும் அழிக்காமல் வைத்திருக்கலாம். அதுவும் வராவிட்டால், அவர் சொன்னதை நாமே இரண்டு வரியில் கம்பெனியின் மின்னஞ்சலுக்கு எழுதிவிடலாம்: இன்ன தேதி, இன்ன புகார் எண், போர்டு பழுது என்று உங்கள் டெக்னீஷியன் தெரிவித்தார், பார்ட் இன்னும் வரவில்லை. முகவரியைத் தேடி அலைய வேண்டாம். பேக் செய்த பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு விதிகளின்படி, நுகர்வோர் புகாருக்கான முகவரியும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பழைய பேப்பர்காரரிடம் அட்டைப் பெட்டியைப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டால் போதும்.

கால் சென்டருக்குப் போன் செய்து நாற்பது நிமிடம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதிர்முனையில் இருப்பவர் பல நேரம் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். அவர் முன்னால் உள்ள திரையில் மன்னிப்புக் கேட்க வாசகம் இருக்கிறது, பணத்தைத் திருப்பித் தரப் பொத்தான் இல்லை. புகார் எண் வாங்குவதற்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் வாங்கிய பொருள் என்றால் கையில் இன்னொரு பிடி உண்டு. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளம் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில் யாரும் போகாத மூலையில் அந்தப் பெயர் இருக்கும்.

கடைக்காரர் ‘நாங்க விக்கிறவங்க மட்டும்தான் சார், கம்பெனியப் பாருங்க’ என்று கையை விரிப்பது எவ்வளவு தூரம் செல்லும்? 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவரை அப்படி விட்டுவிடவில்லை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அது வரையறுக்கிறது. பில் தராமல் விடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. கல்லாவுக்கு மேலே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று தொங்கும் பலகை இந்தப் பிரிவை அழித்துவிடாது. இதைத் தவறாகவும் புரிந்துகொள்ளக் கூடாது. சட்டம் பேசுவது குறையுள்ள பொருளைப் பற்றி. வீட்டில் மாட்டிய பிறகு நிறம் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் ஆயிரம் ரூபாய் குறைவு என்பதெல்லாம் கடைக்காரரின் தயவில் இருப்பவை.

மின்னஞ்சலுக்கும் அசையாத கம்பெனிக்கு அடுத்தது 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான அதில் தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, உத்தரவு போடாது. நம் புகாரைக் கம்பெனியின் உரிய மேசைக்கு அனுப்பிப் பதில் கேட்கும். உள்ளூர் சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த விஷயம் முதல் முறையாக முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரின் கண்ணுக்குப் போகிறது என்பதே அதன் பலன். அதற்கும் மேலே போவதென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பழைய சட்டத்தில் பெரும்பாலும் எதிர்தரப்பு இருக்கும் ஊரில் போய் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியும் தாக்கல் செய்யலாம். கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூவரையுமே எதிர்தரப்பாகச் சேர்ப்பது வழக்கம். யார் யாரிடம் தள்ளிவிடுவது என்ற விளையாட்டை அவர்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும். சட்டம் மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது. நடப்பில் அதைவிட வெகுகாலம் ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். ‘அடுத்த வாரம் பார்ட் வந்துரும்’ என்ற பேச்சிலேயே அது கரைந்துவிடக் கூடும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தருவது பொருளின் கம்பெனியா, கடையா, மூன்றாவது நிறுவனமா என்று பாருங்கள். மூன்றாவது நிறுவனம் என்றால் நான் வாங்க மாட்டேன். ஏற்கெனவே நாலு பேர் இருக்கும் இடத்தில் ஐந்தாவதாக ஒருவர் எதற்கு? பில் கவுண்டரில் போன் நம்பர் கேட்பதும் அப்படித்தான். நம்பர் இல்லாமல் பில் போட முடியாது என்று வற்புறுத்த வேண்டாம் என 2023 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஏசிக்கு வாரண்டிப் பதிவுக்காக நம்பர் தேவைப்படலாம். அரை கிலோ மிக்சருக்குத் தேவையில்லை.

இத்தனையும் நுகர்வோர் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று எழுதிவிட்டாலும், நியாயத்தில் பாரம் முழுவதும் அவர்மேல் இருக்கக் கூடாது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகள் வெளியிட்டது. விளம்பரத்தில் உரிமை கோரும் வாசகம் எந்த மொழியில், எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதே மொழியிலும் எழுத்துருவிலும் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கிறது அது. சட்டத்தின் வரையறைப்படி விளம்பரம் என்பது டிவியில் வருவது மட்டுமல்ல. லேபிள், உறை, பில் எல்லாம் அதில் அடக்கம். அப்படியானால் ஏசியின் முகத்தில் ஒட்டிய ‘10 வருட வாரண்டி’யும் விளம்பரம்தான். அதன் நட்சத்திரக் குறிக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் ஓடும் ஆங்கில வரி அந்த நெறிமுறையோடு எப்படிப் பொருந்துகிறது என்று ஆணையம் ஒவ்வொரு ஷோரூமிலும் போய்ப் பார்க்கலாம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கும் அதிகாரம் அதன் கையில் இருக்கிறது.

அதே முகப்பில் மின்சிக்கன நட்சத்திர லேபிளும் ஒட்டியிருக்கிறது. 2010 முதல் ஏசிக்கு அது கட்டாயம். எத்தனை நட்சத்திரம், எவ்வளவு யூனிட் என்று எல்லாக் கம்பெனியும் ஒரே அமைப்பில், ஒரே அளவில் போடுகிறது. வாங்க வருபவர் இரண்டு ஏசிக்கு நடுவில் நின்று எண்ணிப் பார்த்து முடிவு செய்கிறார். அதன் பக்கத்தில் இன்னொரு லேபிளுக்கு இடம் இருக்கிறது: கம்ப்ரசர் எத்தனை வருடம், போர்டு எத்தனை, மற்ற பாகங்கள் எத்தனை, கேஸும் கூலியும் யார் செலவு. நாலு வரி, தமிழில், நட்சத்திர லேபிளின் எழுத்து அளவில். இதைக் கட்டாயமாக்கப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது என்றே தோன்றுகிறது.